இரும்பு ஏந்திய கை

மறுபடியும் அரித்தது. உள்ளங்கையின் நடுவில், சுற்றிய துணிக்கு அடியில், எறும்பு ஒன்று வழி தெரியாமல் வட்டமடிக்கிற மாதிரி. தோரா கையை மடியில் வைத்தாள், மேஜைமேல் வைத்தாள், பிறகு மார்போடு அணைத்துக்கொண்டாள். எங்கே வைத்தாலும் அது அவளுடைய கையாக இல்லை, யாரோ கொடுத்துப் பத்திரமாக வைத்திரு என்று சொல்லிவிட்டுப் போன பொருளாக இருந்தது. அப்படித்தானே. மணிக்கட்டைச் சுற்றிய நூலில் மெழுகு, மெழுகில் பிஷப்பின் மோதிர அச்சு. பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தூக்கிக்கொண்டு தேவாலயத்துக்குள் அவள் நடந்து மூன்று நாளாகிறது. இன்று காலை ஜெபம் முடிந்ததும் மணி அடிப்பார்கள், கட்டை அவிழ்ப்பார்கள். புண் சுத்தமாக ஆறி வந்திருந்தால் அவள் சத்தியம் செய்தது உண்மை. அவள் பெற்ற மூன்று வயது ஈவார், போரில் செத்த ராஜாவின் மகன். நார்வேயின் இந்தப் பாதிக்கு இனி அவன்தான் ராஜா. சீழ் பிடித்திருந்தால் அவள் கடவுள் பேரைச் சொல்லிப் பொய் பேசினவள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தலை குனிந்து ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். மற்றவர்களுக்கு இதில் குழப்பம் இல்லை, ஆறியதா ஆறவில்லையா என்று பார்க்கக் காத்திருக்கிறார்கள். அவளுக்குத்தான் எதை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஏனென்றால் ஈவார் யாருடைய பிள்ளை என்று அவளுக்கே தெரியாது.

"சும்மா உக்கார மாட்டியாடி நீ?" என்றாள் ராக்னா. பிஷப் வீட்டுச் சமையல்காரி. இந்த மூன்று நாளும் தோராவுக்குக் காவல். தோரா கட்டைத் தொடக்கூடாது, யாரும் வந்து களிம்பு தடவிவிடக்கூடாது, எதிரிகள் யாராவது நஞ்சு தேய்த்துவிடவும் கூடாது. அதற்காக ராத்திரி தோராவின் நல்ல கையையும் தன் கையையும் ஒரு கயிற்றால் பிணைத்துக்கொண்டுதான் தூங்கினாள். ரெண்டு புருஷன் கட்டினேன், ரெண்டு பேரோடயும் இவ்வளவு ஒட்டிப் படுத்ததில்ல, என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். தோரா தூங்கவில்லை. தூங்கினால் கை ஏதாவது செய்துவிடும் என்று பயம், விழித்திருந்தால் தான் ஏதாவது செய்துவிடுவோம் என்று பயம். "அக்கா, அரிக்குது." "அரிக்கட்டும். அரிச்சா ஆறுதுன்னு அர்த்தம்." "புழு வச்சாலும் அரிக்கும்னு நேத்து சொன்னீங்க." "நேத்து நீ கஞ்சி குடிக்காம மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே, அந்தக் கோவத்துல சொன்னேன். இன்னிக்கு நல்ல மனசோட சொல்றேன், ஆறுது." நல்ல மனசு இருந்தால் ஆறும், கோவம் இருந்தால் புழு. கடவுளும் இப்படித்தான் பார்ப்பாரோ. காலையில் என்ன மனசோடு எழுந்தாரோ.

ஜன்னல் வழியாக முற்றம் தெரிந்தது. கூரையில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது, சொட்டின இடத்தில் சேறு, சேற்றில் ஹல்வாரின் ஆட்கள், செத்த ராஜாவின் படைத்தலைவன் ஹல்வார். கோடரியைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து நின்றார்கள். நேற்றைவிட இன்று ஆட்கள் அதிகம். அவர்கள் நடுவில் ஈவார், யாரோ ஒருத்தன் தோளில். கையில் மரக்கத்தி செய்து கொடுத்திருக்கிறார்கள். அவன் அந்த ஆளின் தலையில் கத்தியால் தட்டினான், ஆள் செத்துப்போன மாதிரி நாக்கை நீட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். முடியைச் சீவி எண்ணெய் தடவியிருந்தார்கள். நேற்று முற்றத்தில் அவனை ஒரு நிமிஷம் பக்கத்தில் விட்டபோது, ஈவாரே என்று கூப்பிட்டாள். அவன் முகத்தைச் சுளித்து, "என் பேரு சிகுர்ட்," என்றான். செத்த ராஜாவுடைய தாத்தாவின் பேர். அந்தப் பேர் இருந்தால்தான் ஜனங்கள் வருவார்களாம், ஈவார் என்று ஒரு ராஜாவை யார் கேள்விப்பட்டது என்றான் ஹல்வார். இன்னும் கட்டு அவிழவில்லை, அதற்குள் பேரை எடுத்துக்கொண்டார்கள். சிகுர்ட்டுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார்களா, ராத்திரி நனைத்துக்கொண்டானா, நனைத்தால் யார் துணி மாற்றினார்கள். கோடரிக்காரன் எவனாவது மாற்றியிருப்பான். அந்தப் பெரிய விரல்களால்.

விரல்கள். அன்றைக்கு இரும்பு சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது வெளுத்திருந்தது. கையில் வைத்ததும் முதலில் குளிர்ந்தது, சத்தியமாகக் குளிர்ந்தது, குளிர்காலத்தில் வாளியின் பிடியைத் தொட்ட மாதிரி. அப்புறம்தான் வாசனை வந்தது, பன்றி மயிர் பொசுக்குகிற வாசனை, அது தன்னிடமிருந்து வருகிறது என்று புரிய ஒரு அடி நடக்க வேண்டியிருந்தது. கடவுளை நினை என்று பாதிரியார் சொல்லியிருந்தார். அவள் கடவுளை நினைக்கவில்லை. பால் காய்ச்சுகிற கொப்பரையை நினைத்தாள். பண்ணையில் கொதிக்கிற கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கி வெளியே கொண்டுபோகிற வேலை எத்தனை வருஷமாக அவளுடையது. ஓடினால் தளும்பும், நின்றால் சுடும், ஒரே சீராக நடக்க வேண்டும். சீராக நடந்தாள். எல்லோரும் அதைப் பார்த்து, சத்தியம் உள்ளவள், கலங்காமல் நடக்கிறாள் என்று பேசிக்கொண்டார்களாம். ராக்னா வந்து சொன்னாள். அந்தக் கை காய்த்த கை. துடுப்புப் பிடித்து, கொப்பரை பிடித்து, தோல் தடித்துப்போன கை. ஒரு ராணியின் கையாக இருந்தால் எலும்பு வரை போயிருக்கும். அப்படியென்றால் இன்று ஆறியிருந்தால் அது கடவுள் சொன்னதா, காய்ப்பு சொன்னதா? இதைப் பாதிரியாரிடம் கேட்கலாம் என்று நினைத்தாள். கேட்கவில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவளுக்கு வாய் வராது. சின்ன வயசிலிருந்தே அப்படி. பண்ணைக்காரி அவளை, ஊமைக் கோழி, இங்க வா, என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ஊமைக் கோழி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள், அதுதான் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. மாட்டுக்குப் புல் அறுத்துக் காயப்போடுகிற சமயத்தில் ராஜா வந்தார். மழையில் நனைந்து, பத்துப் பன்னிரண்டு பேரோடு, இன்னொரு ராஜாவுக்குப் பயந்து ஒளிந்து வந்த ராஜா. கன்னம் வீங்கியிருந்தது. பல்வலி. ராஜாவுக்குப் பல் வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, கொண்டுபோய் ஒத்தடம் கொடு என்று பண்ணைக்காரி அனுப்பினாள். ஒத்தடம் கொடுத்த கையை அவர் பிடித்தார், விடவில்லை. கூப்பிட்டார் என்று சொல்வதா, பிடித்தார் என்று சொல்வதா, இதுவரைக்கும் அவளுக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை. பேரைக் கேட்டார். காலையில் வேறு ஏதோ பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவ்வளவுதான் ராஜா. அதே புல்லறுப்பு வாரத்தில், மழை விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ, படகோட்டி ஐனாரிடம் போனாள். அவளாகப் போனாள். யாரும் பிடிக்கவில்லை. குடாவின் நடுவில் துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு ஐனார் ஏதோ முனகிப் பாடினான், அவனுக்கு எப்போதும் ஒரு முனகல் பாட்டு உண்டு. ஈவார் சாப்பிடும்போது முனகுவான். ஆனால் எல்லாப் பிள்ளையும்தான் முனகும். ஈவாருக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி. ராஜாவுக்கும் இருந்தது. ஆனால் ஈவாருடையது பால்பல். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, எடுத்து வைத்து, மூன்று வருஷமாகத் தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை.

பிரசவத்தில் கேட்டார்கள். அது வழக்கம். புருஷன் இல்லாதவள் பிள்ளை பெறும்போது, வலி உச்சத்துக்கு வந்ததும் சுற்றியிருக்கிற பெண்கள் கையை எடுத்துக்கொண்டு விலகி நிற்பார்கள், தகப்பன் பேரைச் சொல்லு, அப்புறம்தான் தொடுவோம் என்பார்கள். அந்த நேரத்தில் பொய் வராதாம். அவள் சாய்ந்திருந்தது ஐனாரின் பெண்டாட்டி தோளில். அந்தத் தோளும் விலகியது. "சொல்லுடி பொண்ணே, சொல்லிட்டா நொடியில முடிச்சுடலாம்," என்றாள் ஐனாரின் பெண்டாட்டி, பிரியமாகத்தான். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது. தோரா வலியோடு வலியாக ஒரு பேரைத் தேடினாள், யாருக்கும் அடி விழாத பேர், யார் வீட்டிலும் அடுப்பு அணையாத பேர், போய்க் கேட்க முடியாத தூரத்தில் இருக்கிற பேர். "ராஜா," என்றாள். "எந்த ராஜாடி? நாட்டுல ரெண்டு பேரு இருக்காங்களே," என்று யாரோ கேட்க, அத்தனை பேரும் சிரித்தார்கள், ஐனாரின் பெண்டாட்டிதான் ரொம்பச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மறுபடி தோள் கொடுத்தாள். பொய் என்று எப்படிச் சொல்வது, உண்மையாகவும் இருக்கலாமே. ராஜாவுக்குப் பெண்டாட்டி வயிற்றில் மகன்கள் இருந்தார்கள், வெளியிலும் ஊருக்கு ஒன்று இருந்தது, இந்த ஒன்றைத் தேடி யார் வரப்போகிறார்கள். இந்த நாட்டுச் சட்டம் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ராஜாவின் மகன் என்றால் மகன்தான், பட்டு மெத்தையில் பிறந்தாலும் வைக்கோலில் பிறந்தாலும் பங்கு ஒன்றுதான். அதனால்தான் ஒரு ராஜா செத்தால் பத்துப் பேர் வாளை உருவுகிறார்கள். பத்தில் ஒன்பது சாகிறது. மூன்று வருஷத்தில் மெத்தையில் பிறந்தவை எல்லாம் போயின. ஊருக்கு ஒன்றாக இருந்தவையும் போயின. அப்புறம் ஹல்வார் வந்தான்.

பண்ணைக்காரி பெருமையாகச் சொல்லியிருக்கிறாள், எங்க ஊமைக் கோழி ராஜாவுக்கு முட்டை போட்டது என்று. அது சந்தையில் புரண்டு புரண்டு, செத்த ராஜாவின் படையை வைத்துக்கொண்டு ராஜா இல்லாமல் அலைந்த ஹல்வாரின் காதில் விழுந்துவிட்டது. குதிரைக் குட்டியைப் பார்க்கிற மாதிரி ஈவாரின் வாயைத் திறந்து பார்த்தான். "நெத்தி. அப்படியே அவர் நெத்தி," என்றான். பக்கத்திலிருந்தவன் காது என்றான். இன்னொருத்தன் நடை என்றான், பிள்ளை அப்போது நடக்கவே இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தான். நரைத்த தாடியோடு ஹல்வார் அழுதான், நிஜமான கண்ணீர். அவளிடம் என்ன மரியாதையில் பேசுவது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நீ என்றும் வராமல் நீங்கள் என்றும் வராமல், "கிளம்பணும்," என்றான், "பயப்பட வேண்டாம்," என்றான், சுவரோடு பேசுகிறவன் மாதிரி. ஐனார்தான் படகோட்டினான். அவனுடையதைத் தவிர வேறு படகு இல்லை. வழி முழுக்க அந்த முனகல்கூட இல்லை. கரையில் ஈவாரைத் தூக்கி இறக்கியவன் கீழே விடக் கொஞ்சம் தாமதித்தான். அல்லது பலகை வழுக்கியதோ என்னவோ. அவள் அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன முணுமுணுக்கிறே?" என்றாள் ராக்னா. "ஒண்ணுமில்லக்கா. நாட்டோட அந்தப் பாதி ராஜாவுக்கு என்ன வயசு?" "ஆறுன்னு சொல்றாங்க. அங்கயும் அப்பன் செத்து, பிள்ளையைத்தான் உக்கார வச்சிருக்காங்க. அவனும் தலையில மகுடம் நிக்காம அழறானாம். உன் பையன் ஜெயிச்சா ரெண்டு பேரும் சண்டை போடணும், மூக்கைச் சிந்தத் தெரியாத ராஜாவுங்க." ராக்னா சிரித்தாள், தோராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, "உன் பையன் நல்லா இருப்பான்டி. நாளைக்கு ராஜமாதா ஆனதும் என்னை மறந்துடாதே. தங்கம் வேண்டாம், ஒரு பசு போதும்," என்றாள். நல்லா இருப்பான். ராஜாக்கள் எப்படி நல்லா இருந்தார்கள் என்று அடுப்படியில் பேச்சு வரும். ஒருத்தர் தூக்கத்தில் ஈட்டி வாங்கினார், ஒருத்தரைக் கண்ணைப் பிடுங்கி மடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள், ஒருத்தர் சொந்தத் தம்பி கையால். கிழவராகிக் கட்டிலில் செத்த ராஜா யாராவது உண்டா என்று ஒரு தடவை பண்ணையாளைக் கேட்டாள். அவன் ரொம்ப நேரம் யோசித்தான். யோசித்துவிட்டு விறகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். படகோட்டியின் மகனை யாரும் தேடி வந்து கொல்லமாட்டார்கள். ஆனால் பொய்ச் சத்தியக்காரியின் மகனுக்கு யார் வேலை கொடுப்பார்கள், யார் பெண் கொடுப்பார்கள். சத்தியம் செய்யும்போது, நான் அறிந்த மட்டும், என்று மெதுவாக ஒரு வார்த்தை உள்ளே நுழைத்தாள். பாதிரியார் காதில் விழுந்ததோ இல்லையோ. கடவுள் காதில் விழுந்திருக்கும். அறியாதவளிடம் சத்தியம் வாங்கினால் அவர் எதைத் தீர்ப்பார், அவள் சொன்னதையா, பிள்ளை யாருடையது என்பதையா? எதையாவது தீர்க்கட்டும். ஆறட்டும், ஆறாமல் போகட்டும், எனக்குச் சொல்லிவிடு, நான் ஒருத்தி தெரிந்துகொள்கிறேன் என்று முதல் தடவையாகச் சரியாக வேண்டிக்கொண்டாள். அப்போது மணி அடித்தது.

தேவாலயத்துக்குள் ஈரக் கம்பளி வாசனையும் மெழுகுவர்த்தி வாசனையும். இவ்வளவு பேர் நடுவில் அவள் நடந்ததே இல்லை. காலைப் பார்த்துக்கொண்டு நடந்தாள். ராக்னா, வழியில் மறுபடி பிணைத்திருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு முதுகைத் தடவி, "போ," என்றாள். ஹல்வாரின் ஆட்கள் கதவை ஒட்டியும் தூண்களை ஒட்டியும் நின்றார்கள், கோடரிகளை வெளியே வைக்கவில்லை, யாரும் வைக்கச் சொன்ன மாதிரியும் இல்லை. ஈவார் முன்வரிசையில், கீழே கிடத்தின கேடயம் ஒன்றின்மேல் உட்கார்ந்து அதன் ஆணிகளை விரலால் தொட்டுக்கொண்டிருந்தான். பிஷப் மெலிந்த மனிதர். சளி பிடித்திருந்தது. மெழுகை எல்லோருக்கும் காட்டி உடைத்தார், நூலை வெட்டினார், பிறகு அவள் கையைத் தன் பக்கம் இழுத்து, அகலமான அங்கியின் கை மறைக்கும்படி திரும்பி நின்றுகொண்டு துணியைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டது. வாசனை முதலில் வந்தது. அப்புறம் அவள் பார்த்தாள். உள்ளங்கையின் நடுவில் மஞ்சளாக, ஓரத்தில் பச்சை பூத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி வழிந்து மணிக்கட்டுக்கு வந்தது.

ஐனாரின் பிள்ளை. வலிக்கவே இல்லை. மூன்று வருஷமாக நடுவில் ஆடிக்கொண்டிருந்த தராசு முள் ஒரு பக்கம் போய் நின்றது, உடம்பெல்லாம் லேசானது, இவ்வளவு பெரிய கூட்டத்தில் அவளுக்குச் சிரிப்பு வரும்போலிருந்தது. முனகுகிறவன் பிள்ளை முனகுகிறது, வேறென்ன. திட்டட்டும், துரத்தட்டும், ஐனாரின் பெண்டாட்டி முடியைப் பிடித்து இழுக்கட்டும், பிள்ளை வளர்வான், மீன் பிடிப்பான், கிழவனாகிக் கட்டிலில் சாவான். அவள் தலையைத் தூக்கிப் பிஷப்பைப் பார்த்தாள், நீங்களும் பார்த்தீர்கள்தானே என்கிற மாதிரி. அவர் பார்த்திருந்தார். இப்போது அவள் தோளுக்கு மேலாகத் தூண்களோரத்துக் கோடரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியை மறுபடி அவள் கைமேல் போட்டு, தன் கையால் மூடி, "சுத்தம்," என்றார். சளிக் குரலில் அது சரியாக வரவில்லை. இருமிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார். "கை சுத்தம்."

கோடரிப் பிடிகள் தரையில் இடித்த சத்தத்தில் கல் அதிர்ந்தது. "இல்ல," என்றாள் தோரா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இல்லங்க, இல்ல," என்றாள், பிஷப்பிடம், அவர் திரும்பிக்கொண்டார். நாலு பேர் கேடயத்தைத் தூக்கினார்கள், கேடயத்தின்மேல் ஈவார், தூக்கின வேகத்தில் மரக்கத்தி விழுந்துவிட்டது, அவன் இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். சிகுர்ட், சிகுர்ட் என்று கத்தினார்கள். அவன் உதடு கோணியது. உயரம் அவனுக்குப் பயம். மாட்டுக் கொட்டகைப் பரண்மேல் ஏற்றினாலே அழுவான். அவனுக்கு எல்லாத் தலையும் தெரிந்தது, அவள் தலை தெரியவில்லை. "அம்மா," என்றான். அவளிடம் குரல் இல்லை, கை இருந்தது. துணியை உதறிவிட்டு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினாள், விரல்களை முடிந்த மட்டும் விரித்து, உள்ளங்கையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி. சீழ் முழங்கைக்கு வழிந்தது. முன்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். கிழவன் ஒருவன் பார்த்தான், பார்த்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டு, "தாயோட கை, பாருங்கடா, பிள்ளைக்காக வெந்த கை," என்று மண்டியிட்டான். அவன் பின்னால் இருந்தவர்களும் மண்டியிட்டார்கள். ஹல்வார் கிட்ட வந்தான். அவன் நன்றாகப் பார்த்தான், கண்ணை எடுக்காமல், வைத்தியன் பார்க்கிற மாதிரி பார்த்தான். பிறகு அவள் காதருகே குனிந்து, கெஞ்சுகிறவன் மாதிரி மெதுவாக, "கையை இறக்கணும். பையன் பார்க்கறான்," என்றான்.

பையன் பார்த்துவிட்டான். இத்தனை தலைகளுக்கு நடுவில் அம்மாவின் கை தூக்கி நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டான். தனக்குத்தான் காட்டுகிறாள் என்று நினைத்தான். கோணின உதடு நேரானது, முன்பல் இடைவெளி தெரியச் சிரித்தான், விளிம்பிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து ஐந்து விரலையும் விரித்து அவளுக்குத் திருப்பிக் காட்டினான். கேடயம் ஆடியது. கையைப் பிடித்துக்கோ, கையைப் பிடித்துக்கோ என்று அவள் மனசு கத்தியது. அவன் பிடித்துக்கொள்ளவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தான். இறக்கினால் அழுவான். அப்படியே வைத்திருந்தாலும் அழுவான். தோரா கையை ஆட்டினாள்.